ஆறாம் பாத்தி

பெல்மாரில் செப்டம்பர் காலை, ஏழு மணி.
ஓட்டலுக்கும் வெங்காயத்துக்கும் நடுவே
ஒரு சவுக்கு வரிசை, அதிலும் ஓட்டை.
அந்தப் பக்கம் யாரோ நீந்தக் கிளம்புகிறார்கள்.
இந்தப் பக்கம் நான் வெள்ளைத் தாளை விரித்து
அதன்மேல் செடியைத் தட்டுகிறேன்.
உதிர்பவை ஓடுமுன் எண்ண வேண்டும்.

மயிரிழைத் தடிமன்,
கழுவாத பல்லின் மஞ்சள்.
இலைப்பேன்.

என் பெயரிலும் ஒரு பேன் இருக்கிறது.
கப்பலிலிருந்து இறங்கிய சின்னப்பனை
எவனோ ஒரு குமாஸ்தாவின் பேனா
சின்னப்பேன் ஆக்கியது.
ஐந்து தலைமுறையாக அப்படியே கையெழுத்திடுகிறோம்.
படிவத்தின் அடியில்,
எண்ணியவர்: நவீனா சின்னப்பேன்.
எண்ணப்பட்டவையும் ஒருவகையில் பங்காளிகள்.

மூன்றாம் பாத்தி, ஊர்ச்சிவப்பு.
இலையெல்லாம் வெள்ளி.
சாலையிலிருந்து பார்த்தால் அழகு.
குனிந்தால்
சுரண்டிக் குடித்த தடம், கருகி மடிந்த நுனி.
செடிக்கு அறுபத்து நாலு.
கழுத்தைப் பிளந்தேன்:
கும்பிட்ட கையாய் ஒட்டிய இலைகளின் இடுக்கில்
குஞ்சும் குளுவானுமாய்
மருந்து எட்டாத வீடு.

"அஞ்சு நாளைக்கு ஒருதரம் அடிச்சேன்,
அப்புறம் நாலு நாளைக்கு,"
என்கிறார் மதாம் கதபெருமாள்.
"பூச்சிக்குப் பழகிடுச்சு.
எனக்குத்தான் இன்னும் பழகல."
சொல்லிவிட்டு இருமுகிறார்.
கொட்டகையில் அடுக்கிய டின்களை
எழுத்தைப் பார்க்காமல்
வாடையை வைத்தே பெயர் சொல்கிறார்.

ஆறாம் பாத்தி.
மற்ற வெங்காயமெல்லாம் இலையில் நீறு பூசியிருக்கும்;
பெருவிரலால் இழுத்தால் ஒட்டும் சாம்பல் மெழுகு.
ஆறுக்கு நீறில்லை.
இப்போதுதான் மழை பெய்து விட்டதுபோல்
வெறும் பளபளப்பு, வெளிர்பச்சை.
ஒரு இலை இன்னொன்றைத் தொடாமல்
விலகி விலகி நிற்க
நடுக்கழுத்து வரை வெயில் இறங்குகிறது.
தட்டினேன். பதினொன்று.
நம்பாமல் வேறு செடியைத் தட்டினேன்.
ஒன்பது.

"ஒட்டாத குடும்பம்," என்றார் மதாம்.
"என் மருமகளுங்க மாதிரி.
ஒளிஞ்சு பேச இடமில்ல."

விஷமில்லை. முள்ளில்லை.
வந்தவனுக்குப் படுக்க இடம் தரவில்லை, அவ்வளவுதான்.
இதை எழுத என் படிவத்தில் கட்டமில்லை.
தாங்கும் திறன்: நடுத்தரம் என்று போட்டேன்.
பதினொன்று பூஜ்யம் ஆகாதே.

குறையும் உண்டு.
நீறில்லாத இலை நண்பகலில் முதலில் துவளும்.
கிழங்கு சிறிசு, தட்டை.
போன வருஷம் ஃப்ளாக் சந்தையில்
வியாபாரி அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து
"இது சோன்யோனா, பூண்டா?" என்றானாம்.
விற்காததை மதாம் வீட்டுக்குக் கொண்டுபோய்
தக்காளி ருகாயில் நறுக்கிப் போட்டாராம்.
"கண்ணுல தண்ணி," என்றார்.
"நல்ல தண்ணி."

விதை கிடைக்குமா என்று கேட்டார்.
இன்னும் மூன்று வருஷம்,
இன்னும் இரண்டு ஊரில் நட்டுப் பார்க்கணும்,
அதற்கப்புறம் ஒரு குழு கூடும் என்றேன்.
அவர் மறுபடி இருமினார்.
அது பதில் மாதிரியும் இருந்தது.

திரும்பும்போதுதான் பார்த்தேன்.
பாத்தியின் கடைக்கோடியில், சவுக்கு நிழலில்,
இரண்டு செடி பூத்தண்டு விட்டு
மணி பிடித்திருக்கின்றன.
விதிப்படி எப்போதோ பிடுங்கி எறிந்திருக்க வேண்டியவை.
பழைய ஜன்னல் திரையைக் கிழித்து
யாரோ அவற்றின் தலையில் கட்டியிருக்கிறார்கள்,
கைக்குழந்தைக்குக் குல்லாய் கட்டும் இறுக்கத்தில்.
திரையில் இன்னும் பாதி அன்னாசிப்பழம் தெரிகிறது.

மதாம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பெல்மார் கடலை இத்தனை கவனமாய்ப் பார்த்த
உள்ளூர்க்காரரை நான் கண்டதில்லை.

பேனாவைத் திறந்தேன்.
நட்டது: நாற்பது.
இருப்பது: முப்பத்தெட்டு.
விடுபட்டது: இரண்டு.
காரணம்:
காற்று.